அரைப் பேர்

பதுளையைச் சூழ்ந்த பசறை, மடுல்சீமை, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளுள் சிலர் இன்று கலாநிதிப் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருக்கின்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இம்மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய காலம் நீண்டது. தம்மைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதுவோர் இப்போதுதான் பெருகி வருகின்றனர். ஆயின் எழுதியது உலகின் சிறந்த ஆய்வுச் சஞ்சிகைகளில் இடம்பெறுமா?

அத்தகைய சஞ்சிகைக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் முதலில் பார்ப்பார். தகுதியுடையதெனக் கண்டால், அத்துறை வல்லார் இருவர் மூவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் யாரென்பது எழுதியவருக்குத் தெரியாது. மாதங்கள் கழிந்து கேள்விகள் வரும். அவற்றை நிராகரிப்பு என்றே எண்ணிச் சோர்ந்துவிடும் மாணவர் பலர். விடுமுறையில் ஊர் திரும்பும் நம் பழைய மாணவர்களோடு அமர்ந்து அக்கேள்விகளைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியதுண்டு.

தோட்டக் கூலிமுறையை ஆராயும் மாணவி ஒருவர், 'அரைப் பேர்' என்பதை 'அரைநாட் சம்பளம்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். இதில் புதிதாக என்ன இருக்கிறது என வினவியிருந்தார் மதிப்பீட்டாளர். நியாயமான கேள்வியே. தோட்டத்தில் ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' எனப்படும். எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் 'அரைப் பேர்'. ஏறிய மலை முழு மலை, நனைந்த மழை முழு மழை, அட்டைக்கடியும் குறைவில்லை. பதிவேட்டில் மட்டும் மனிதரின் பெயர் பாதி! இவ்வுண்மை அச்சொல்லிலேயே உறைந்து கிடக்கிறது. சொல்லை நீக்கிப் பொருளை மட்டும் தந்ததால் ஆய்வின் உயிரே போயிற்று. சொல்லை அப்படியே நிறுத்தி, யார் யாரிடம் எப்பொழுது வழங்குகின்றனர் எனச் சான்றுடன் விளக்குமாறு கூறினோம். மாணவி மீண்டும் லயங்களுக்குச் சென்று முதிய தொழிலாளரிடம் கேட்டு எழுதினார். கட்டுரை மறுபடியும் அனுப்பப்பட்டிருக்கிறது. முடிவு எதுவாயினும் ஆய்வு வலுப்பெற்றுவிட்டது.

வழிகாட்டி என்பவர் யார்? க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தது ஜோர்ஜ் தொம்சனிடம். தமிழ் அவருடைய துறையன்று. கிரேக்க இலக்கியத்தைச் சமுதாய வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையை வகுத்தவர் அவர். அம்முறையைத் தமிழுக்குப் பொருத்திய கைலாசபதியின் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று. சிவத்தம்பி 1970 இல் நிறைவுசெய்த ஆய்வோ, 1981 இல்தான் சென்னையில் நூலாக வந்தது. நல்ல ஆய்வும் அச்சுக்குக் காத்திருக்க நேர்வதுண்டு. தனிநாயகம் அடிகளோ, தமிழாய்வை உலகறிய 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழையே தொடங்கினார். வாயில் இல்லாத இடத்தில் வாயில் அமைத்தார்.

இன்று வாயிலில் பணமும் நிற்கிறது. கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 'நேச்சர்' சஞ்சிகை 2021 இல் விதித்த கட்டணம் 9,500 யூரோ. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அன்றைய மாற்று வீதத்தில் அக்கட்டணம் 2,000 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு! கட்டணமின்றி வெளியிடும் வழியும் உண்டு. ஆனால் சந்தா செலுத்தாதார் அதைப் படிக்க முடியாது. இந்நெருக்கடியைப் பயன்படுத்தி, மதிப்பீடு ஏதுமின்றிப் பணத்துக்கு அச்சிடும் போலிச் சஞ்சிகைகளும் வலை விரிக்கின்றன.

2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அதன் விரிவுரையாளரும் நம் பாடசாலை ஆசிரியரும் மாதம் ஒருமுறை கூடி இளம் ஆய்வாளரின் கட்டுரைகளை வாசிப்பது இயலாத காரியமா? மொழிநடையை ஒருவர், புள்ளிவிவரத்தை ஒருவர், தோட்ட வழக்கை ஒருவர் எனப் பகிர்ந்துகொள்ளலாம். வெளிவந்த ஒவ்வொரு ஆய்வையும் எளிய தமிழில் சுருக்கி, அதற்குச் செய்தி தந்த தோட்டத்திலேயே வாசித்துக் காட்டவும் வேண்டும். மக்களிடம் பெற்ற அறிவு மக்களிடம் திரும்பாதவரை, எத்துணை உயர்ந்த சஞ்சிகையில் வந்தாலும் அந்த ஆய்வுக்கும் அரைப் பேர்தான்.