நாங்கள் வெளியேதான் நிற்கணும்!

பால் வாங்கப் போன நான், பால் இல்லாமலேயே திரும்பி வந்தேன். காரணம், கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு நாய்!

பெர்லினில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய மறுநாள் அது. “தெரு முனையிலதான்மா சூப்பர் மார்க்கெட். ஒரு பால் பாக்கெட் மட்டும் வாங்கிட்டு வந்துடு” என்று மகள் அனுப்பினாள். கன்றுக்குட்டி உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று வாசலில் கிடந்தது. சுவரில் இருந்த கொக்கியில் கட்டித்தான் போட்டிருந்தார்கள். இருந்தாலும் எனக்குக் கால் நகரவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. ஏழு வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவள் நான். அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த ஊசியின் அருமை தெரியும். அறுபது வயது தாண்டியும் நாயைப் பார்த்தால் எதிர் வரிசைக்கு மாறிவிடுவேன்.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து மகள் சிரித்துவிட்டு, கையோடு மறுபடியும் கூட்டிப்போனாள். கதவில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைக் காட்டினாள். அதன் கீழே ஜெர்மன் மொழியில் ஒரு வரி. “என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘நாங்கள் வெளியேதான் நிற்கணும்’னு நாயே சொல்ற மாதிரி எழுதியிருக்காங்க” என்றாள். ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று மனிதர்களை அதட்டாமல், நாயின் வாயாலேயே சொல்ல வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஊரைச் சுற்றினோம். நாய் இல்லாத இடமே இல்லை. சுரங்க ரயிலில் எங்கள் எதிர் சீட்டுக்கு அடியில் ஒன்று படுத்திருந்தது. பெரிய நாய் என்றால் வாய்மூடி போட வேண்டும், டிக்கெட்டும் எடுக்க வேண்டுமாம்! ஓட்டலில் பக்கத்து மேஜைக்குக் கீழே ஒன்று. பரிமாறும் பெண் அதற்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் நாய் வளர்த்தால் வரியும் உண்டு. முதல் நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 180 யூரோ.

“வரி கட்டி, டிக்கெட் எடுத்து, ஓட்டலுக்கும் வருது. மளிகைக் கடைக்குள்ள மட்டும் ஏன் விட மாட்டேங்கிறாங்க?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“அது உணவுச் சுகாதார விதி அத்தை” என்றார். உணவு தயாரிக்கிற, கையாள்கிற, சேமிக்கிற இடங்களுக்குள் வீட்டு விலங்குகள் வராமல் தடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு விதி சொல்கிறது. மளிகைக் கடையில் காய்கறியும் ரொட்டியும் கைக்கெட்டும் உயரத்தில், ஏன், மூக்குக்கெட்டும் உயரத்திலும் இருக்கின்றன. ஓட்டலில் சமையலறை தனி. அங்கே நாய் போகக் கூடாது. சாப்பிடும் கூடத்தில் விடுவதும் விடாததும் முதலாளி இஷ்டம். துணிக்கடை, புத்தகக் கடையிலும் அப்படித்தான்.

எனக்கு ஒரே நிம்மதி. நாய் இல்லாத ஓர் இடமாவது இருக்கிறதே! அதன்பிறகு கடைக்குப் போவதென்றால் முதல் ஆளாகப் பையை எடுத்தேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான்.

ஒரு மாலை, தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், இரண்டடி தூரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய். கடைக்கு உள்ளே! மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “சட்டம் சட்டம்னு சொன்னீங்களே, இது என்ன?” என்றேன். அதற்குள் தள்ளுவண்டியோடு நின்ற ஒருவர் அந்த நாயைக் காட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். நான் கேட்க நினைத்ததைத்தான் அவரும் கேட்கிறார் என்று மொழி தெரியாமலே புரிந்தது.

“அம்மா, நல்லா பாரு” என்றாள் மகள்.

நாயின் உடம்பில் வெள்ளை வார்ப்பட்டை. அதிலிருந்து நிமிர்ந்து நின்ற கைப்பிடி. அதைப் பிடித்திருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பார்வை இல்லை. கடை ஊழியர் வந்து அந்த மனிதரிடம் அமைதியாக ஏதோ சொன்னார். வெளியே நிற்கச் சொல்வது வளர்ப்பு நாய்களைத்தான், வழிகாட்டி நாய்க்கு அது பொருந்தாது என்றாராம். 2021 ஜூலை முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பொதுமக்கள் போகும் இடங்களுக்குப் பயிற்சி பெற்ற துணை நாயோடு வருபவரை, தகுந்த காரணம் இல்லாமல் தடுக்க முடியாது.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. இந்தக் கேள்வியை எத்தனை கடையில் கேட்டிருப்பாரோ என்கிற அலுப்பு மட்டும் தெரிந்தது.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கண்ணழுத்த நோயில் பார்வை போன பிறகு, கடைசி ஆறு வருஷம் அம்மா கடைப்படி ஏறவே இல்லை. புளியைக் கிள்ளிப் பார்த்து வாங்கியவள், திண்ணையில் உட்கார்ந்து எங்களிடம் சாமான் பட்டியல் சொல்வாள். “யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்களேன்” என்பாள். எங்களுக்கு எப்போதும் அவசரம்.

அந்தக் கடையில் நடைவழி குறுகல். நான் நகர்ந்தால்தான் அவர் போக முடியும். நெஞ்சு படபடத்தது. இரண்டடி பின்னால் போய் அரிசி அலமாரியை ஒட்டி நின்றேன். நாய் என்னைக் கடந்தபோது வால் என் சேலையில் உரசியது. அது தக்காளியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “வேலையில இருக்கிற நாயைத் தொடவோ கூப்பிடவோ கூடாதும்மா. கவனம் சிதறிடும்” என்றாள் மகள். தொடுவதா? நானா!

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை இன்னொரு விஷயம் சொன்னார். உலகிலேயே முதல் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி 1916-ல் இதே நாட்டில், ஓல்டன்பர்க் என்ற ஊரில் தொடங்கியதாம். முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக.

வளர்ப்பு நாயைக் கடைக்குள் விடலாமா என்று இன்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். உணவுக்கு அருகே சுத்தம் வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எஜமானருக்கு அது குழந்தை மாதிரி இருக்கலாம். பத்து நிமிஷம் வெளியே நின்றால் குறைந்துபோகாது. ஆனால் அந்தக் கைப்பிடியைப் பிடித்து வருபவரிடம் ‘வெளியே நில்’ என்றால், அது நாய்க்குச் சொல்வதாகாது. அவருக்காக என் பயம் இரண்டடி பின்னால் போகலாம்.

ஊருக்குக் கிளம்பும் முதல் நாள், பால் வாங்க நான் மட்டும் தனியாகப் போனேன். அதே கறுப்பு நாய், அதே கொக்கி. சுவரை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. எஜமானர் எப்போது வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த முறை பாலோடுதான் திரும்பினேன்.