‘என்ன புதினம்?’ – காபிக் கோப்பையோடு கனடாத் தமிழர்கள் கூடிப் பேசும் ஸ்கார்பரோ!

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் காலை நேர டீக்கடைப் பேச்சுக்கு இரண்டே தலைப்புகள்தான். ஒன்று, பேப்பரில் வந்த செய்தி. இன்னொன்று, யார் வீட்டில் என்ன விசேஷம்.

இதே இரண்டு தலைப்புகளை வைத்துக்கொண்டு, எலும்பைத் துளைக்கும் குளிரிலும் தமிழர்கள் தினமும் கூடிப் பேசும் ஊர் ஒன்று கனடாவில் இருக்கிறது. டொராண்டோ மாநகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோதான் அது. தனி நகராட்சியாக இருந்து 1998-ல் டொராண்டோவோடு இணைக்கப்பட்ட பகுதி. கனடாவில் தமிழர்கள் அதிகம் வாழும் இடங்களில் முதன்மையானது. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகப் பதிவுசெய்தவர்கள் கனடா முழுக்க 1,30,000-க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும்தான் வசிக்கிறார்கள்.

பெஞ்ச் இல்லை, டிம் ஹார்ட்டன்ஸ் உண்டு

ஜனவரி மாதத்தில் இங்கே மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். தெருவோரம் பெஞ்ச் போட்டு உட்கார முடியாது. அந்த வேலையை இங்கே செய்வது ‘டிம் ஹார்ட்டன்ஸ்’ காபிக் கடைகள். டிம் ஹார்ட்டன் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் 1964-ல் ஹாமில்டன் நகரில் தொடங்கிய கடை, இன்று கனடா முழுக்கத் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இரண்டு பங்கு கிரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்ட காபிக்கு ‘டபுள் டபுள்’ என்று பெயர். கனடாவுக்குப் புதிதாக வருபவர் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

ஸ்கார்பரோவின் கடைகளில் காலையிலேயே ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் தமிழில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஓய்வுபெற்றவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துவந்தவர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள் எனப் பலர். பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர்கள். அவர்களுக்கு காபி ‘கோப்பி’, டீ ‘தேத்தண்ணி’, பேசுவது ‘கதைப்பது’.

உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, ‘என்ன புதினம்?’

நமக்குப் புதினம் என்றால் நாவல். யாழ்ப்பாணத் தமிழில் அது ‘செய்தி’. நாட்டு நடப்பைக் கேட்கவும் இந்த வார்த்தைதான். மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்கவும் இதே வார்த்தைதான். ஊர்ச்செய்தி, வீட்டுச்செய்தி இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேள்வி! அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மக்களின் வாழ்க்கையில் இந்த இரண்டும் தனித்தனியாக நடந்ததே இல்லை.

ஆண்டைச் சொன்னால் கதை தெரியும்

புதிதாக ஒருவர் மேசைக்கு வந்தால் அடுத்த கேள்வி, ‘எப்ப வந்தனீங்கள்?’ பதிலாக அவர் ஓர் ஆண்டைச் சொன்னால் போதும். மிச்சக் கதையை மேசையே புரிந்துகொள்ளும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் இலங்கைத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். ‘எண்பத்துமூன்றுக்குப் பிறகு’ என்று ஒருவர் சொன்னால், எரிந்த வீடும் விட்டுவந்த ஊரும் அதற்குள் அடக்கம்.

1986 ஆகஸ்ட் 11 கனடாத் தமிழர்கள் மறக்காத தேதி. நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன கஸ் டால்ட்டன் என்ற படகுத் தலைவர் அவர்களைப் பார்த்துவிட்டார். அவரும் மற்ற மீனவர்களும் சேர்ந்து அத்தனை பேரையும் காப்பாற்றினார்கள். அன்றைய பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2016-ல், அவர்களில் சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் டால்ட்டனை நேரில் சந்தித்து நன்றி சொன்னார்கள்.

2009 இன்னொரு ஆண்டு. இலங்கையில் இறுதிப்போர் நடந்த அந்த மாதங்களில் காபி மேசையில் வேறு பேச்சே கிடையாது. ஜனவரிக் குளிரில் டொராண்டோ வீதிகளில் மனிதச் சங்கிலி. மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் மறியல். போன் எடுக்காத உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்பதே அன்றைக்கு ‘என்ன புதினம்?’ என்ற கேள்விக்கு அர்த்தம்.

2010 ஆகஸ்டில் ‘சன் ஸீ’ என்ற கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தபோது வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட அனைவரும் தடுத்துவைக்கப்பட்டார்கள். பலர் வெளியே வர மாதக்கணக்கில் ஆனது. அதே கனடா, அதே கடல்வழி. இடையில் 24 ஆண்டுகள்!

கார்டு, குடியுரிமை, சாமத்திய வீடு

நம் ஊரில் ஒருவரின் வாழ்க்கைப் படிகள் என்றால் படிப்பு, வேலை, கல்யாணம், வீடு. இங்கே அவற்றுக்கு முன்னால் இன்னும் சில படிகள் உண்டு. அகதி வழக்கில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று முடிவு வரும் நாள். நிரந்தர வசிப்பிட உரிமை கிடைக்கும் நாள். மனைவி, பிள்ளைகள் விமான நிலையத்தில் வந்து இறங்கும் நாள். பிறகு குடியுரிமை.

குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாள்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்கள் தேர்வு எழுத வேண்டும். 20 கேள்விகளில் 15-க்குச் சரியான பதில் சொன்னால் தேர்ச்சி. அதன்பின் உறுதிமொழி ஏற்பு. அந்த போட்டோ மேசையைச் சுற்றி வராமல் இருக்காது.

குடும்பம் காலூன்றிய பிறகுதான் கொண்டாட்டங்கள் களைகட்டும். பெண் பிள்ளைகள் பெரியவளானதும் நடத்தும் ‘சாமத்திய வீடு’, பரதநாட்டிய அரங்கேற்றம், பட்டமளிப்பு என எல்லாவற்றுக்கும் பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கில் விருந்தினர்கள். இவ்வளவு செலவா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஊரில் தெருவே கூடி நடத்தியிருக்க வேண்டிய விசேஷத்தை, சிதறிப்போன தெருவைத் தேடிப்பிடித்துக் கூட்டி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் புரியும்.

சந்தோஷச் செய்தி மட்டுமல்ல. உரிய ஆவணம் கையில் வராத காலத்தில் அகதியால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப முடியாது. போர் நடக்கும் ஊருக்குப் போகவும் வழியில்லை. அப்பாவின், அம்மாவின் கடைசி முகத்தைப் பார்க்காமலேயே இங்கிருந்து அழுதவர்கள் பலர். அதனால்தான் இங்கே ‘மரண அறிவித்தல்’ செய்திகளை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். ஊர், பள்ளிக்கூடம், உறவுமுறை என எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ‘அவர் எங்கட ஊர்ப் பக்கம்’ என்று மேசையில் யாராவது சொன்னால், உடனே காரை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நம்ம வீட்டுப் பிள்ளை நாடாளுமன்றத்தில்!

மேசையில் எப்போதும் சோகம்தான் என்று நினைக்க வேண்டாம். 2011 தேர்தலில் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். 2015-ல் ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் தொகுதியில் வென்ற கரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். ஒரு காலத்தில் குடியேற்ற அதிகாரி முன்னால் நடுக்கத்தோடு நின்ற சமூகத்துக்கு, இது தேர்தல் செய்தி மட்டுமல்ல, வீட்டு விசேஷமும்கூட!

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானம் 2016 அக்டோபரில் கனடா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவையான 30 லட்சம் டாலர் நிதி 2021-ல் திரண்டது.

மேசைக்குப் புதிதாக வந்தவர்கள்

இப்போது இந்தக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளையும் பார்க்கலாம். அவர்கள் பேசும் புதினமும் செய்தித்தாளிலிருந்துதான் தொடங்குகிறது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்குக் கனடா உச்சவரம்பு அறிவித்தது. முதல் ஆண்டுச் செலவுக்காகக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. அதன்பின் இன்னும் கூடியது. படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி.

இந்த எண்கள் மற்றவர்களுக்கு வெறும் செய்தி. நிலத்தை அடமானம் வைத்து மகனை அனுப்பிய குடும்பத்துக்கு அவைதான் வாழ்க்கை. பெரியவர்களின் மேசையும் பிள்ளைகளின் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், பேச்சு ஒன்றாகச் சேர இன்னும் காலம் பிடிக்கலாம். ஒரு பக்கம் ‘கதைக்கிறார்கள்’, மறுபக்கம் ‘பேசுகிறார்கள்’. ஆனால், அரசாங்கத்தின் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கும் தவிப்பு மட்டும் இரண்டு மேசைக்கும் தெரியும்.

போனால் எங்கே போகலாம்?

டொராண்டோ மெட்ரோவில் கென்னடி ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்கார்பரோவின் எல்லாப் பக்கங்களுக்கும் பஸ் கிடைக்கும். முன்பு ஓடிய ஸ்கார்பரோ தனி ரயில், 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிறுத்தப்பட்டுவிட்டது. மார்க்கம் ரோடும் ஸ்டீல்ஸ் அவென்யூவும் சந்திக்கும் பகுதியில் தமிழ்ப் பலகையோடு துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை என வரிசையாகப் பார்க்கலாம். கொத்துரொட்டியும் மட்டன் ரோல்ஸும் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கோடையில் போனால், ஒன்டாரியோ ஏரிக்கரையில் சுவர்போல எழுந்து நிற்கும் ஸ்கார்பரோ பிளஃப்ஸ் பாறைகளையும் பாருங்கள்.

அப்புறம், மறக்காமல் ஒரு டிம் ஹார்ட்டன்ஸ் கடைக்குள் நுழையுங்கள். தமிழ்க் குரல் கேட்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். யாராவது, ‘என்ன புதினம்?’ என்று கேட்டால், அரசியலில் தொடங்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகமா என்பதை முதலில் சொல்லுங்கள். அவர்கள் கேட்பது அதைத்தான்!