கட்டை யார் பையில்?

சிவகிரி வட்டாரத்தில் மோட்டார் இல்லாத தொழில் குறைவு. மலையடிவாரத் தோப்பிலும் வயலிலும் கிணற்று மோட்டார், ஊருக்குள் நெல் மில், மாவு மில், சங்கரன்கோவில் பக்கம் போனால் விசைத்தறி. இவற்றுக்கு வயரிங் செய்தும் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். விரல் போனவர், உயிரே போனவர் என்று இந்தத் தொழிலில் காதுக்கு வரும் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரு வாசகம் வரும்: "ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வச்சாரு." அது பொய்யில்லை. ஆனால் ஆஃப் செய்ததை ஆஃபிலேயே நிறுத்திவைக்க யாரும் வழி செய்யவில்லை.

கிணற்று மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், ராத்திரி எழுந்து போய்ப் பட்டனை அழுத்த முடியாதென்று ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' வைத்தார்கள். மூன்று பேஸும் வந்து சில நொடியில் மோட்டார் தானே ஓடும். தண்ணீர் பாய்ச்ச அது பெரிய உபகாரம். கரண்ட் போன நேரம் பார்த்து பெல்ட் மாற்றவோ கப்ளிங் இறுக்கவோ உட்காருகிறவருக்கு அதுவே எமன். "கரண்டுதான் இல்லையே அண்ணாச்சி, சட்டுன்னு பாத்துருங்க" என்று தோட்டக்காரர் அவசரப்படுத்துவார். நான் முதலில் மெயின் பெட்டிக்குத்தான் போவேன். கரண்ட் இல்லை என்பது வேறு, வராது என்பது வேறு.

பழைய ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்டார்ட்டரை நிறுத்துவார்கள், மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்குவார்கள், மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே மெஷினில் கை வைப்பார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மோட்டார் ஓடும்போதே கட்டையைப் பிடுங்கினால் தீப்பொறி முகத்தில் அடிக்கும். ஒன்றை மட்டும் பிடுங்கினால் மற்ற இரண்டு பேஸும் உள்ளே உயிரோடிருக்கும். மூன்றும் பையில் இருக்கும்போது, விவரம் தெரியாத ஒருவர் வந்து பட்டனை அழுத்தினாலும் மெஷின் அசையாது. எவர் கை உள்ளே இருக்கிறதோ, கரண்ட் அவர் வசம். பாதுகாப்பு விதி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இதற்குள் அடங்கும்.

இப்போது கட்டை போய் எம்சிபி வந்துவிட்டது. அதன் நாக்கை யார் வேண்டுமானாலும் விரலால் தூக்கிவிடலாம். அதற்குப் பூட்டு மாட்டும் கொக்கி விற்கிறார்கள். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி; கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடாது. 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மட்டும் தொங்கவிட்டால் போதாது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் சேதி இரவு ஷிப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்ற பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். காகிதத்தில் அனுமதி முறை இருந்தும் ஓட்ட முடிந்தது.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில், 1976 திருத்தம் இதைச் சேர்த்தது: தற்செயலாக ஆனுக்குப் போகக்கூடிய சுவிட்சை ஆஃபில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும். ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தியது. மாவு மில்லில் இரண்டு பேர், கிணற்றடியில் ஒருவர். அங்கே சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வயர்மேன்தான் பார்க்க வேண்டும்.

பூட்டிய பிறகும் வேலை இருக்கிறது. கெப்பாசிட்டர் லைன் போன பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளேயிருக்கும் ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தால் வடியவே வெகுநேரமாகும். நெல் மில் எலிவேட்டரில் ஒரு பக்க வாளிகளில் நெல் நிறைந்திருக்கும். அடைப்பை எடுத்ததும் கரண்டே இல்லாமல் அந்தப் பாரம் பெல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் முட்டுக் கொடுக்காமல் உள்ளே கையை விடக் கூடாது. ஜெனரேட்டர் இருந்தால் அந்த வழியையும் அடைக்க வேண்டும். டெஸ்ட் லாம்ப்பை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரியவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் எரியாதுதானே! கடைசியாக, ஸ்டார்ட்டர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் சொல்வது ஒன்றுதான்: யார் அவசரப்படுத்தினாலும் சாவியைக் கொடுக்காதே. புது மில்லுக்கோ மோட்டார் ரூமுக்கோ வயரிங் கூலி பேசும்போது, மெஷின் பக்கத்திலேயே பூட்டக்கூடிய மெயின் ஒன்றையும் கணக்கில் சேர்த்தே பேசுகிறேன். அது வேண்டாம் என்பவரின் வேலையை நான் எடுப்பதில்லை. நாளை அந்த மெஷினில் கை வைக்கப்போவது கூலிக்கு வரும் ஒருவர். அவருக்காக இன்றைக்கே பேச வேண்டியது வயரிங் செய்கிறவனின் பொறுப்பு.