உதாரியோடு வரும் யோசனை

2012-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனேன். வங்கியில் பயிர்க்கடன் பிரிவு. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு கிருஷி கேந்திரா. விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடை. ஜூலை பிறந்துவிட்டால் அங்கே நிற்கும் கூட்டம் எங்கள் கவுன்டரை மிஞ்சிவிடும். பாலித்தீன் பையில் சுருண்ட பருத்தி இலையோடு ஒருவர் வருவார். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்ப்பார். அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்கள் இறங்கும். எதை எதோடு கலப்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். காசு கைமாறாது. நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

விற்பவரிடமே போய் யோசனை கேட்பார்களா என்று நகரத்து நண்பர்கள் வியப்பார்கள். அந்த விவசாயிகளை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. "அரசாங்க சாகேப் சொல்வது சரியாகக்கூட இருக்கும். ஆனால் அவர் உதாரி தருவாரா?" என்று கேட்டார் ஐந்து ஏக்கர்க்காரர் ஒருவர். உதாரி என்றால் கடன். பருத்தி விற்றதும் வட்டியோடு கழித்துக்கொள்வார்கள். பாக்கி இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. எடுத்துவைத்த பாட்டிலை வேண்டாம் என்பதும் சுலபமல்ல.

2003-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் விவசாயக் குடும்பங்களில் 13.1 சதவீதம் கடைக்காரரிடம் தகவல் பெற்றன. அரசின் விரிவாக்க ஊழியரிடம் பெற்றவை 5.7 சதவீதம். அறுபது சதவீதம் யாரிடமும் பெறவில்லை. 2004-ல் கிசான் கால் சென்டர் வந்தது. இலவசம், அவரவர் மொழியிலேயே பேசலாம். ஆனால் தொலைபேசியில் இலையைக் காட்ட முடியாதே.

நான் ஊர் மாறிய பிறகு, 2017-ல், அதே யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் விஷம் ஏறி இறந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி, முகமூடி இல்லாத தெளிப்பு, ஒன்றோடொன்று கலந்த மருந்துகள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கடைக்காரர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஹைதராபாத்தின் மானேஜ் நிறுவனம் 2003 முதலே அவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. நல்ல காரியம். என்றாலும், அந்த நோட்டை டிப்ளமோ தொடுவதில்லை.

நான் அங்கிருந்தபோது ஓராண்டு மட்டும் எங்கள் கடன் விதைப்புக்கு முன்பே பட்டுவாடா ஆனது. ஐந்து ஏக்கர்க்காரர் ரொக்கத்தோடு எதிர்க்கடைக்குப் போனார். ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது: "விதை மட்டும் கொடு. மருந்தைப் பற்றி நான் கேட்கும்போது சொன்னால் போதும்."