தேதியிடாத உரை



வீட்டிற்குப் புதிய சாதனம் ஒன்று வந்தால் அதனுடன் ஒரு கையேடும் வருகிறது. நாமோ அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து, "இது எப்படித் தம்பி?" என்று கேட்கிறோம். செய்தவர் எழுதியது ஒன்று. பயன்படுத்தியவர் சொல்வது மற்றொன்று. இவற்றுள் எதை நம்புவது என்னும் கேள்வி ஓர் இழப்பின் வழியாக என்னிடம் வந்தது. அதைத் தங்களிடம் மறைக்காமல் கூறுகிறேன்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு மத்ரஸாவில் ஆசிரியனாக இருக்கிறேன். 2015ஆம் ஆண்டு எங்களுக்கு நான்கு பழைய கணினிகள் நன்கொடையாகக் கிடைத்தன. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லை. எனவே 'டெபியன்' என்னும் கட்டற்ற மென்பொருளை அவற்றில் நிறுவினோம். கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கி வைத்த முயற்சி இது. டெபியனை உருவாக்குவோரே விரிவான நிறுவல் கையேடும் வெளியிடுகின்றனர். ஆனால் நான் படித்த ஆங்கிலக் கையேடு எங்கள் மாணவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே தமிழில் எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

அது பிரதிக்குப் பிரதியாகப் பல ஊர்களுக்குச் சென்றது. உள்ளம் மகிழ்ந்தேன். அதில் ஒரு வரி: "பட்டியலில் எஸ்.டி.ஏ. என்பதைத் தேர்ந்தெடுக்கவும், அதுவே கணினியின் உள்வட்டு." எங்கள் நான்கு கணினிகளிலும் அது உண்மையாகவே இருந்தது.

2022ஆம் ஆண்டு, வேறோர் ஊரில் ஆசிரியராகிவிட்ட என் பழைய மாணவர் அக்குறிப்பை வைத்துக்கொண்டு புதிய மடிக்கணினி ஒன்றில் டெபியனை நிறுவினார். அதிலிருந்த புதுவகை உள்வட்டின் பெயர் என்.வி.எம்.இ. என்று தொடங்குவது. வெளியே செருகியிருந்த வட்டுக்கே எஸ்.டி.ஏ. என்னும் பெயர் அமைந்திருந்தது. அதில் இருந்தவையோ ஏழாண்டு மதிப்பெண் பதிவுகள்! எல்லாம் அழிந்தன.

"ஹஜ்ரத், நீங்கள் எழுதியபடிதான் செய்தேன்" என்றார் தொலைபேசியில். அது குற்றம் சாட்டும் குரலன்று. அதனாலேயே என் நெஞ்சைச் சுட்டது. காகிதப் பதிவேடுகளைக் கொண்டு பாதியை மீட்டோம். மீதி போனது போனதுதான்.

அதிகாரபூர்வக் கையேட்டை மீண்டும் திறந்து பார்த்தேன். வட்டுகளுக்குப் பெயர் அமையும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. முதலில் தரவுகளைப் படியெடுத்து வையுங்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. சுருக்கம் கருதி இரண்டையும் நான் விட்டிருந்தேன்.

இனி எழுதுவதில்லை என்ற முடிவுடன், காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்திலுள்ள கல்லூரிக்கால நண்பரைக் காணச் சென்றேன். அவர் தம் ஊரின் பழைய செய்தி ஒன்றைக் கூறினார். நம்பிள்ளை என்னும் வைணவ ஆசாரியர் அங்கே திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லி வந்தார். அவருடைய ஆணைப்படி பெரியவாச்சான் பிள்ளை எழுதியது இருபத்து நாலாயிரப்படி. வடக்குத் திருவீதிப் பிள்ளையோ பகலில் கேட்டதை இரவில் தாமாகவே எழுதி வைத்தார். ஆசிரியர் அதைப் பார்த்துப் பாராட்டினாலும், அனுமதியின்றி எழுதியதற்காகக் கடிந்து ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டாராம். இன்று 'ஈடு' என்று போற்றப்படுவது அந்த முப்பத்தாறாயிரப்படியே.

"எழுதியது குற்றமில்லை பாய், எவர் கண்ணிலும் காட்டாமல் ஊருக்கு விட்டதுதான் குற்றம்" என்றார் நண்பர்.

நம் மத்ரஸாக்களிலும் மூலமாகிய மத்னு உண்டு. உரையாகிய ஷரஹ் உண்டு. ஓரக்குறிப்பாகிய ஹாஷியாவும் உண்டு. உரை இல்லையேல் மூலம் பலருக்குத் திறவாது. 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' இதழும், அதன் வழியே வந்த 'எளிய தமிழில்' நூல்களும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. அவை பகிர்வதற்கு உரிமை தந்தே வெளியிடப்பட்டன.

உரிமை தராத உரையால் நேரும் குறையை ஸ்டால்மன் எடுத்துக்காட்டியிருக்கிறார். 'பெர்ல்' என்னும் கணினி மொழிக்கு நல்ல அறிமுக நூல்களைத் தனியார் பதிப்பகம் வெளியிட்டது. ஆனால் அவற்றைப் படியெடுக்கவோ திருத்தவோ உரிமையில்லை. மென்பொருள் மாறும்போது கையேட்டையும் மாற்ற இயலாவிட்டால் அது யாருக்கு உதவும்? கையேடுகளுக்கென்றே 2000ஆம் ஆண்டு ஒரு கட்டற்ற உரிமம் வெளிவந்ததும் இக்காரணத்தால்தான்.

ஆகவே வாசகர்களே, தனியார் விளக்கத்தை எழுத எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அறிவு ஓர் அமானிதம். எந்த நாளில், எந்தப் பதிப்பைப் பார்த்து, எந்தக் கணினியில் சோதித்து எழுதினோம் என்று சொல்லியாக வேண்டும். பிறர் திருத்த வழிவிட வேண்டும். மூலக் கையேட்டுக்கு வழி காட்ட வேண்டும்.

என் குறிப்பைப் புதிதாக எழுதியுள்ளேன். முதற்பக்கத்தில் இவையெல்லாம் உள்ளன. வட்டுகளைப் பற்றிய பக்கத்தை மட்டும் நான் எழுதவில்லை. அந்த மாணவரே எழுதினார். "வெளிவட்டு ஏதும் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்" என்று அது தொடங்குகிறது.