தன் குரல் தன் காதில்

பாட்டுப் பதிவுக்கென்று வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் இன்று பல வீடுகளில் இரவு நேர ஆன்லைன் விளையாட்டுக்குத்தான் அதிகம் உழைக்கின்றன. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பேத்தி பாடிப் பதிவு செய்ய வாங்கிய ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டியை, சாப்பாடு முடிந்த கையோடு பேரன் தன் மேசைக்குத் தூக்கிப் போய்விடுவான். நண்பர்களோடு வேலரன்ட் ஆட வேண்டுமே! இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு குரலைச் சுத்தமாக இன்னொருவர் காதில் கொண்டு சேர்ப்பதற்காகவே பிறந்த கருவிகள் இவை. அந்தக் குரல் பாடினால் என்ன, "பின்னாடி வர்றான்டா" என்று எச்சரித்தால் என்ன?

பிள்ளைகள் விலை உயர்ந்த மைக்கின் மேல் ஆசை வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோருக்கும் ஷூர் எஸ்எம்7பி வேண்டும். நல்ல மைக்தான்; அதன் முன்னோடியான எஸ்எம்7-ல்தான் மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' ஆல்பத்துக்குப் பாடினார். ஆனால் ஸ்டுடியோவில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும் ஒரு குரலுக்கு நொடிக்கு 1152 கிலோபிட் செலவாகிறது. ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியின் சாதாரண சேனலில் அதே குரல் 64 கிலோபிட்டுக்குள் சுருங்கித்தான் நண்பனிடம் போகிறது. கொடுத்த காசில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடும். தெளிவான பேச்சுக்கு அந்த 64 தாராளமாகப் போதும் என்பதும் உண்மை.

அந்தத் தெளிவு மைக்கை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் இயங்கும் கண்டென்சர் மைக்கை மேசையின் அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, குரல் கேட்கவில்லையென்று கெயினை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். மின்விசிறி, தெருநாய், அடுக்களைக் குக்கர் விசில் எல்லாம் கூடவே ஏறிவரும். வேலரன்ட்டில் ஓர் அணிக்கு ஐந்து பேர். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே பிடிக்கிறார்கள். ஒருவன் வீட்டு மின்விசிறி மற்ற நால்வரின் காதையும் அடைத்துவிடுகிறது. அவனுக்கோ அது தெரியவே தெரியாது.

ஒரு சாதாரண கார்டியாய்டு டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், மூச்சுக்காற்று நேரே மோதாதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள். அதன் முதுகுப் பக்கம் கீபோர்டை நோக்கட்டும். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். பிறகு ஆட்டத்தில் எவ்வளவு உரக்கக் கத்துவீர்களோ அவ்வளவு கத்திக்கொண்டே கெயின் குமிழைத் திருப்புங்கள். குமிழைச் சுற்றிய விளக்கு பச்சையிலேயே இருக்க வேண்டும், சிவப்பைத் தொடக் கூடாது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் டிஸ்கார்டின் இரைச்சல் நீக்கியை அணைத்தே வைக்கலாம். இரைச்சலோடு சேர்த்து வார்த்தைகளின் வாலையும் அது நறுக்கிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தப் பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. அதை அழுத்தினால் உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல், தாமதமின்றி நேராக உங்கள் ஹெட்ஃபோனுக்கே வரும். காதை இறுக மூடி, உள்ளே துப்பாக்கிச் சத்தத்தையும் நிரப்பினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பாடகர்கள் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டு பாடுவதும் தம் குரல் தமக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒருநாள் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். அவன் அணியில் வயதில் சின்னப் பையன் ஒருவன் எதையோ தவறவிட, இவன் வழக்கம்போல் எரிந்து விழுந்தான். அடுத்த கணம் ஹெட்ஃபோனைக் கழற்றி, "தாத்தா, நான் இப்படியா பேசுறேன்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, "பரவாயில்லடா, அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்" என்று அந்தப் பையனிடம் சொன்னான்.

வேலையிடத்திலும் வீட்டிலும் நிறையக் கோபக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. தங்கள் குரல் அடுத்தவர் காதில் எப்படி விழுகிறது என்பதை ஒருமுறைகூடக் கேட்காதவர்கள். எங்கள் காலத்தில் அதைக் கேட்டுப் பார்க்க வீட்டில் கருவி இல்லை. உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

பெற்றோரே, அறைவாசலில் நின்று "சத்தம் போடாதே" என்று நீங்களும் சத்தம் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். பிள்ளைகளே, ஆட்டம் தொடங்கும் முன் அணியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்குது?" அவர்கள் சொல்லும் பதிலுக்கு ஏற்பக் குமிழைத் திருப்புங்கள்.