பினாங்குச் சோறு

எங்கள் வீட்டில் ஒரு வகைச் சோற்றுக்குப் ‘பினாங்குச் சோறு’ என்று பெயர். மலாய் மக்கள் அதை ‘நாசி லெமாக்’ என்பர். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, காரமான சம்பல், பொரித்த நெத்தோலி, வறுத்த நிலக்கடலை, நறுக்கிய வெள்ளரிக்காய், அவித்த முட்டை, அவ்வளவுதான். தக்கலையை விட்டு அதிகம் வெளியே சென்றிராத என் உம்மும்மாவின் அடுக்களைக்கு அது வந்து சேர்ந்த வரலாறு சற்றுக் கண்ணீரும் கலந்தது.

என் பாட்டனார் 1954-ல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றார். தமிழ் முஸ்லிம்கள் அங்கு செல்வது அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருந்தது. 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து விற்ற நம்மவரால்தான் ‘நாசி கண்டார்’ என்ற பெயர் அங்குப் பிறந்தது. நமது கப்பலும் கடையும் ஆப்பமும் மலாய் மொழியில் ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘ஆப்பம்’ என வாழ்கின்றன. போனவர்கள் கொடுத்தது மட்டுமன்று, கொண்டுவந்ததும் உண்டு. கீழக்கரைத் தொதல், மலாய் நாட்டு ‘டோடோல்’ இனிப்பின் உறவுதானே!

பாட்டனார் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வருவார். அப்படி வந்திருந்த ஒரு நாளில், மீன்குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் கேட்டாராம். “இதை உங்களுக்கு யார் ஆக்கித் தந்தது?” என்று உம்மும்மா கேட்டார். பாட்டனார் பொய் சொல்லவில்லை. பினாங்கில் அவர் ஒரு மலாய்ப் பெண்ணை நிக்காஹ் செய்திருந்தார். ஒரு மகளும் பிறந்திருந்தாள்.

மூன்று நாள் உம்மும்மா வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அடுக்களையில் பலகையை எடுத்துப் போட்டு, “இருந்து சொல்லுங்கள், எப்படி ஆக்குவது?” என்றாராம். இதை என் உம்மா சொல்லித்தான் நான் அறிவேன்.

பாட்டனார் பார்த்ததைச் சொன்னார். உம்மும்மா வீட்டில் இருந்ததைக் கொண்டு ஆக்கினார். ‘பெலாச்சான்’ என்னும் இறால் விழுது இங்கே கிடையாது. கூனி இறாலை வறுத்துப் பொடித்துக்கொண்டார். அங்கே தென்னைச் சர்க்கரை. இங்கே நம் கருப்பட்டி. மலாய் வீடுகளில் ‘ஊலாம்’ என்று பச்சையாகவே உண்ணும் கீரைகளுள் ஒன்று நம் வல்லாரை. அது கிணற்றடியிலேயே முளைத்துக் கிடந்தது.

செய்முறை எளிது. இரண்டு தம்ளர் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்றரைத் தம்ளர் தேங்காய்ப்பாலில் உப்பும் நசுக்கிய இஞ்சியும் இட்டு வேகவிட வேண்டும். ரம்பை இலை கிடைத்தால் ஒன்றை முடிச்சிட்டுப் போடலாம். சம்பலுக்கு, ஊறிய வற்றல் மிளகாய் பதினைந்து, சின்ன உள்ளி ஒரு கைப்பிடி, பூண்டு நான்கு பல், ஒரு கரண்டி கூனிப்பொடி ஆகியவற்றை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்கி, புளிக்கரைசலும் சிறிது கருப்பட்டியும் சேர்த்து இறக்க வேண்டும். நெத்தோலி இல்லையா? கருவாடு வறுக்கலாம். அதுவும் இல்லையேல் முட்டை போதும். அரிசி குறைவாயிருந்தால் அவித்த மரச்சீனியும் அந்தச் சம்பலுக்குப் பொருந்தும். மீந்த சோற்றை மறுநாள் காலையில் அதே சம்பலோடு வதக்கினால் அது ‘நாசி கோரெங்’.

பாட்டனார் 1978-ல் ஊரில் வஃபாத்தானார். 1995-ல் ஒரு நாள் அஸருக்குப் பின், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தாருடன் முன்னறிவிப்பின்றி ஒரு பெண்மணி எங்கள் வாசலில் வந்து நின்றார். பாட்டனாரின் மலாய் மகள்! தாயும் மறைந்துவிட்ட நிலையில், தந்தையின் கபுறைக் காண வந்திருந்தார். தமிழ் தெரியாது. எனக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் யாருக்கும் பேச்சு எழவில்லை. உம்மும்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். அன்று மீன் இல்லை. முட்டை இரண்டே இருந்தன. தேங்காய் துருவினார்.

அவர் முதற்கவளத்தை வாயில் வைத்தார், அப்படியே நிறுத்தினார். “மாக்” என்று ஒரு சொல் சொல்லி அழுதார். மலாய் மொழியில் ‘அம்மா’ என்று பொருள். அதை யாரும் உம்மும்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் தலையை வருடி, மேலும் ஒரு கரண்டி சம்பலை வைத்தார்.

அன்றிரவு நான், “உங்களுக்குக் கோபமே இல்லையா?” என்று கேட்டேன். “கோபம் எங்கே போகும்? அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால், பசித்து வந்தவளிடம் கணக்குக் கேட்கலாமா, மக்களே?” என்றார். அந்த மலாய்ப் பெண்மணியின் பெயரை அவர் கடைசிவரை உச்சரித்ததில்லை. அவருடைய சமையலை மட்டும் எங்கள் அனைவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு, 2004-ல் கண்மூடினார்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு மஃரிபுக்குப் பின் வீடு திரும்பும் எனக்கு, இச்சமையல் பல இரவுகளில் கைகொடுத்திருக்கிறது. ஒரு சோறு, ஒரு சம்பல், பச்சையாக ஒன்று, பொரித்தது ஒன்று. இந்த நான்குக்குள் வீட்டில் உள்ளது எதுவும் அடங்கும், வாசலில் வந்து நிற்பவர் எவரும் அடங்குவர். ஒருவருக்கான உணவு இருவருக்குப் போதுமாகும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியின் பொருளை நான் கிதாபில் படித்ததற்கு முன்பே அந்த அடுக்களையில் கண்டிருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை என்பதையும் சகோதரிகள் அறிவீர்கள்.

இந்த வாரம் ஒருநாள், மீன் வாங்க முடியாத நாளாகப் பார்த்து, இச்சோற்றை ஆக்கிப் பாருங்கள். உண்டபின், ஒருவரையொருவர் கண்டிராத அந்த இரு பெண்மணிகளின் கபுறுகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்கி வைக்குமாறு துஆச் செய்யுங்கள்.